சிவப்பு நூல் வைத்த மூலை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினேழு ஆண்டுகளாக நிரந்தர வேலையில் இருந்தவர் அவர். வயது நாற்பத்தொன்று. செவிலியர் எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. கணவர் முதுகுவலியால் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையை விட்டவர். மகள் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஒரு வேலையில்தான் மூன்று பேர் வயிறும் நிறைந்தது.

வேலை பார்ப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்திய தொழில்முனைவு, புத்தாக்க அடிப்படைப் பாடத்தில் அக்கா சேர்ந்தார். பன்னிரண்டு சனிக்கிழமைகள், மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. அந்தப் பாடத்தின் அலுவலக எழுத்தன் நான்; வருகைப் பதிவேடு என் பொறுப்பு. பதினோரு நாள் வந்திருக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை மட்டும் இல்லை. அன்று கொதிகலன் பழுதாகி, கூடத்திலிருந்து யாரையும் வெளியே விடவில்லை.

அவருடைய யோசனை எளிமையானது. படுக்கை விரிப்பில் ஒரு நோயாளி கால் வைத்துக் கறை ஏறிய பக்கத்தில், துவைத்து வந்த பிறகு அடுத்தவர் முகம் வைக்கிறார். கால்பக்க மூலைகளில் சிவப்பு நூலால் தையல் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

ஐம்பது பேரிடம் கேட்டுப் படிவம் நிரப்பி வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா வார்டு வார்டாகப் போனார்.

"இப்படி ஒரு விரிப்பு வந்தா வாங்குவீங்களா?"

"நீ பண்ணி நாங்க வாங்காம இருப்போமா அக்கா? முதல்ல எங்க வார்டுக்குத்தான்!"

"முதலாளி ஆனதும் எங்கள மறந்துடாத, ஆமா!"

ஐம்பதிலும் 'ஆம்'. விரிவுரையாளர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். "ஐம்பதுக்கு ஐம்பதா! இந்த வகுப்புல இதுவரைக்கும் நடந்ததே இல்லம்மா."

படிவங்களைக் கோப்பில் அடுக்கியவன் நான். பத்தொன்பதில் 'ஆம்' என்பதன் கீழே 'அக்காவுக்கு வாழ்த்துகள்' என்றிருந்தது. எண் போட்டுக் கட்டி வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தொழில் தொடங்க ஆறு மாதத்துக்கு ஓர் அறை தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. நிபந்தனை ஒன்றுதான்: வேறு வேலையில் இருக்கக் கூடாது.

"முதலாளியம்மா, ஒரு டீ கிடைக்குமா? இல்ல, அதுக்கும் படிவம் நிரப்பணுமா?" என்றார் கணவர்.

"கிண்டல் பண்ணாதீங்க. ஐம்பது பேரு வாங்குறேன்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னாங்க, சரி. கையெழுத்துப் போட்டு வாங்குற ஆளு யாரு?"

அக்கா டீ போட எழுந்தார். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தார்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, இரவல் தையல் இயந்திரம். நாற்பது விரிப்புகளைத் தைத்து, மாதிரிக்காகப் பழைய மருத்துவமனைக்கே இலவசமாகக் கொடுத்தார். கொள்முதல் அதிகாரி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நர்ஸுங்க ஆசைப்பட்டா நான் வாங்கணுமாம்மா? மூணு வருஷத்துக்கு ஒரு டெண்டர். போன மாசம்தான் முடிஞ்சுது."

வேறு ஏழு மருத்துவமனைகளில் காவலாளியைத் தாண்டவே முடியவில்லை. ஆறாவது மாதக் கடைசி நாளில் சாவியை என்னிடம் கொடுத்துக் கையெழுத்திட்டார். அவருடைய நிரந்தர இடத்தை அதற்குள் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தார்கள். அதே மேசையில், அதே இஸ்திரிப் பெட்டியோடு, தினக்கூலியாகச் சேர்ந்தார்.

ஒருநாள் வார்டுக்குத் துணி கொண்டுபோனபோது, படுத்திருந்த பெரியவர் ஒருவரின் கன்னத்துக்கடியில் சிவப்பு நூல் தெரிந்தது.

"இது கால்பக்கம்னு சொன்னேனேம்மா?"

"அவசரத்துல அதெல்லாம் யாரு அக்கா பாக்குறா?" என்ற செவிலி, பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் அன்னிக்கு எல்லாரும் ஆமான்னு எழுதினோம். நீ வேலைய விடுவேன்னு யாருக்குத் தெரியும்?"

இதையெல்லாம் சான்றிதழ் வாங்க வந்த அன்று அக்காவே என்னிடம் சொன்னார். பாடத்தில் அவருக்குத்தான் முதலிடம். பதிவேட்டில் கையெழுத்திடும்போது, தன் வரிசையில் இருந்த ஒரே ஒரு காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு என்ன சார் நடத்துனாங்க?"

அன்றைய பாடக்குறிப்பு என் கோப்பில் இருந்தது. படித்துக் காட்டினேன்: 'வாங்குவீர்களா என்று யாரையும் கேட்காதீர்கள். உங்கள்மேல் பிரியம் உள்ளவர்களைக் கேட்கவே கேட்காதீர்கள்.'

"ஒரு நாள்தான் சார் வரல" என்றார் அக்கா. சான்றிதழை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.