பாப்பாத்தி கேட்ட நாற்காலி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தெற்குவாசலில் குடையும் பையும் விற்கிற கடை வைத்திருக்கிறேன், இத்தனை வருடத்தில் மனிதர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை, மவுத்தானவர்களின் ரூஹு, செத்தவர்களின் உயிர், இங்கே தெருத்தெருவாகச் சுற்றாது என்றுதான் சின்ன வயதில் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தார். அதனால் இதை நீங்கள் நம்பவில்லையென்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி மெஹருன் இறந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில். உள்ளே குழாய்களுக்கு நடுவில் அவள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான். பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள், அது அங்கே உள்ள வழக்கம், குறை சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவளுடைய பொருட்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அதில் செருப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இடது செருப்பின் வார் பிய்ந்துபோனது, மாற்ற நேரமில்லை என்று ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். அதை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை, சார்ஜாவில் இருக்கிற மகளிடம்கூட.

அதற்குப் பிறகு மத்தியானங்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும். அப்போதுதான் பள்ளிவாசலில் ஒருவர் நாகமலை புதுக்கோட்டை தாண்டி இருக்கிற ஒரு இல்லத்தைப் பற்றிச் சொன்னார். இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டவர்கள் கடைசி நாட்களுக்கு வந்து தங்குகிற இடம், வலிக்கு மருந்து கொடுத்துக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்வார்கள், காசு வாங்குவதில்லை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்தான் அதை நடத்துகிறார்கள் என்றே சொல்லலாம். கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து பாலும் முருங்கைக்காயும் வரும், வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலிருந்து சாப்பாடு போகும், முடிவெட்டுகிறவர் ஒருவர் தானாக வந்து எல்லோருக்கும் சவரம் செய்துவிட்டுப் போவார். எனக்கு இப்படி எந்த வேலையும் தெரியாது. ஒருநாள் அங்கே போய், "என்னால என்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன். அங்கே நர்ஸாக இருக்கிற செல்வி, "சும்மா பக்கத்துல உக்காந்திருங்கண்ணே, அது போதும்" என்றது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போக ஆரம்பித்தேன்.

பாப்பாத்தி நாகமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். வயிற்றில் புற்று, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, லீவு கிடைக்கும்போது வருவான். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று அவளே கேட்டு வராந்தாவில் கட்டில் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். இரண்டு மூன்று தடவை பேச்சே இல்லை. பிறகு ஒருநாள், நல்ல வெயில், மத்தியானத் தொழுகை முடிந்து நேராக வந்திருந்தேன், பாப்பாத்தி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்ன பாய், நீங்க மட்டும் உக்காந்துக்கிட்டு அவுகள நிக்க வச்சிருக்கீக. ஒரு சேரு எடுத்துப் போடுங்க."

திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் கொடியில் காய்கிற துணிதான்.

"யாரம்மா சொல்ற?"

"உங்க வீட்டம்மாவத்தான்."

செல்வியிடம் சொன்னேன். "வலி மருந்து வேகம்ணே, அப்படித்தான் ஏதாவது பேசுவாங்க" என்றது. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனாலும் சாகக் கிடக்கிறவள் கேட்கிறாளே என்று அடுத்தமுறை இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். பாப்பாத்தி தலையை ஆட்டினாள், எனக்கு இல்லை, அந்த நாற்காலிக்கு. பிறகு என்னிடம் மெதுவாக, "பாவம், செருப்பு வேற பிஞ்சிருக்கு. ஊக்கக் குத்தி நடந்து வந்திருக்காக. ஒரு சோடி வாங்கிக் குடுக்கக் கூடாதா?" என்றாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன். இவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நான் சொல்லவில்லை. மெஹருன் இறந்தது செல்விக்குத் தெரியும், செருப்பு தெரியாது. தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

பயந்துகொண்டு இல்லத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேனா என்றால் இல்லை, அதற்குப் பிறகு தினமும் போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாப்பாத்தி கேட்பதற்கு முன்பே இரண்டாவது நாற்காலியைப் போட்டுவிடுவேன். ஸ்கூட்டரில் போகும்போது சீட்டில் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டுவேன், காளவாசல் சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்ததில்லை, ஒரு வாசனை, ஒரு சத்தம், எதுவும் இல்லை. ஆனால் பாப்பாத்தி, "இன்னிக்கு அவுக சிரிச்ச மொகமா இருக்காக" என்பாள், அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்குவேன்.

பாப்பாத்திக்கு முடியாமல் போனது ஐப்பசி மழை தொடங்கின சமயம். வாயில் ஈரப் பஞ்சை வைத்துத்தான் தண்ணீர். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள், குரல் மிகவும் சன்னமாக இருந்தது, குனிந்து கேட்டேன்.

"நடவுக்குப் போனாலும் களையெடுக்கப் போனாலும் பத்துப் பேரோடதான் போயிருக்கேன் பாய். ஒத்தையாப் போயிப் பழக்கமே இல்ல. அதான் பயமா இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுக தொணைக்கு வாரேங்குறாக" என்றாள். "உங்கள ஒரு வார்த்த கேக்கச் சொன்னாக."

மழைச் சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. இரண்டாவது நாற்காலியின் இருக்கை நனையவில்லை என்று இப்போது சொன்னால் கதையாக இருக்கும், அதுவும் நனைந்துதான் இருந்தது, காலியாகத்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லாத ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடலாம்தானே, எனக்கு வாய் வரவில்லை.

"வேணாம்னா வேணாம் பாய். அவுக உங்களோடயே இருந்துக்கிருவாக."

பாப்பாத்தியின் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"போயிட்டு வரச் சொல்லும்மா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே தலையை அசைத்தாள். "வாரதெல்லாம் இல்ல பாய். போகச் சொல்லணும்."

எங்கள் வீட்டில் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவர்களைக்கூடப் போ என்று சொல்லமாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அன்று சொன்னேன். "போகட்டும்." அவ்வளவுதான். பாப்பாத்தியின் பிடி தளர்ந்தது, தூங்கிவிட்டாள். நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

விடியும்போது செல்வி போன் செய்தது. மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான், அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது, ஆனால் ஆள் குறையவே இல்லை. பால் கொண்டுவருகிறவர் தென்னங்கீற்று கொண்டுவந்தார், சவரம் செய்கிறவர் வந்தார், பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பையன்கள் வந்தார்கள். நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். பத்துப் பேருக்கு மேலேயே கூட வந்தார்கள் பாப்பாத்தி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மெஹருன் இறந்த அன்று இருந்ததைவிட அதிகம் காலியாக இருந்தது. மருந்து வேகத்தில் ஒரு பாவப்பட்ட மனுஷி பேசினாள், நான் தனியாக இருக்கிறவன், அதனால் நம்பிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பு விஷயத்தை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டால் மற்றதெல்லாம் பொருந்திப்போகிறது.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் இல்லத்துக்குப் போனேன். ஆண்கள் இருக்கிற உள் அறையில், வாசலை ஒட்டின கட்டிலில் தங்கராசு என்று ஒருவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. நான் போகிறபோதும் வருகிறபோதும் ஒரு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான் பழக்கம். பாப்பாத்தியோடு அவர் பேசினதே இல்லை. அன்று உள்ளே நுழைந்ததும் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"வாங்க பாய். என்ன, இன்னிக்கு ஒத்தையா வந்திருக்கீக?"

"எப்பவும் ஒத்தையாத்தானண்ணே வாரேன்."

"கண்ணுதான் போச்சு பாய், காது நல்லாத்தான் இருக்கு. நீங்க வந்தா ரெண்டு பேரு நட கேக்கும்ல?"

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"உங்க கூட வாரவுகளப் பத்தி உங்ககிட்டயே என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரும் இப்போது இல்லை. நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருகிறேன். அந்த நீள வராந்தாவில் நடக்கும்போது மட்டும் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறேன். ஒரு ஆள் நடைதான் கேட்கிறது.