மாடியில் டிஷ், மேல வீதியில் வயர்

செயற்கைக்கோள் இணையம் என்பது எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி ஓர் ஏற்பாடு என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஒரே ஒரு கோள். அது பரங்கிப்பேட்டை பக்கமாக வரும், எங்கள் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும், பேச வேண்டியவர்கள் அவசரமாகப் பேசிக்கொள்ள வேண்டும், பிறகு அது அந்தமானைப் பார்க்கப் போய்விடும். திரும்பி வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஐம்பதை நெருங்குகிற, பட்டம் வாங்கிய, இறால் தீவனம் விற்றுக் குடும்பம் நடத்துகிற ஓர் ஆள் இப்படி நம்பினான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பினேன்.

டிஷ் பொருத்த வந்த பொறியாளர் தெளிவாகத்தான் சொன்னார். மேலே ஏராளமாகச் சுற்றுகின்றன, ஒன்று நகர்ந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டிய விதத்தைப் பார்த்து அந்தக் கோள்களை ஏவியதே நான்தான் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். உள்ளே என்னவோ பஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்துக்கு அருகே இருக்கிறது எங்கள் ஊர். கேபிள் போடுகிற நிறுவனங்கள் முட்லூர் வரைக்கும் வரும், எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும், இந்த நாலு தெருவுக்காக இவ்வளவு தூரம் பள்ளம் தோண்டினால் கட்டுப்படியாகாது என்று திரும்பிவிடும். செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏற வேண்டும். துபாயில் இருக்கிற புருஷனோடு சண்டை போட வேண்டிய பெண்கள்கூட அந்த ஏணியில் நின்றுதான் போட்டார்கள். கீழே நின்று தெருவே கேட்டது. தீர்ப்பும் சொன்னது.

பிறகு ஊராட்சி மூலமாக இந்தச் சோதனைத் திட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு டிஷ் என்றால் எங்களில் யாருக்கும் முடியாது. தெருவுக்கு ஒன்று வைத்து, எல்லா வீடும் பகிர்ந்து கட்டுவது என்று ஏற்பாடு. தென்னை மரம் மறைக்காத மொட்டை மாடி எங்களுடையது என்பதால் டிஷ் எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தது. டிஷ் என்கிறேனே தவிர, அது வட்டமாக இல்லை. வெள்ளையாக, தட்டையாக, லேசாகச் சாய்ந்த ஒரு பலகை. இறால் பண்ணைக்காரர்கள் செத்துக்கொண்டிருக்கும் இறாலை வீடியோவில் காட்டி ஆய்வகத்தில் யோசனை கேட்டார்கள். படகுக்காரர்கள் கடலுக்குப் போகுமுன் அலை உயரம் பார்த்தார்கள். ஏணி ஓய்வெடுத்தது. நான் மட்டும் தினமும் மாடிக்குப் போய், அது ஓடிப்போய்விடவில்லையே என்று பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் என் மகளுக்கு நேர்காணல் வந்தது. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு மனு போட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி, கடைசியாக வீடியோவில் பேச வேண்டிய கட்டம். அந்த நேரத்தில் வரவில்லை என்றால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். கடலூர் விடுதியில் ஓர் அறைக்குள் ஆறு பெண்கள், ஆறு செல்போன்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முந்தின நாள் சிநேகிதியோடு ஒத்திகை பார்த்தாள். நல்லாப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் சிநேகிதி வாயைத் திறந்தபடி உறைந்து போனாள். நான் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

"போயிடுச்சு. போயே போயிடுச்சு," என்றேன்.

"எதுப்பா?"

"சேட்டிலைட்டு. நேரம் முடிஞ்சுது போல. கெளம்பிடுச்சு."

மகள் மாடிக்குப் போனாள். அங்கே என் மனைவி வெங்காய வடகம் உருட்டி எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, நல்ல வெயில் படுகிற இடமாகத் தேடி, அந்த வெள்ளைப் பலகை மேலேயே வைத்திருந்தாள். தாம்பாளத்தை எடுத்ததும் கீழே சிநேகிதி வாயை மூடினாள்.

"அதுல இன்னாத்துக்கும்மா கொண்டாந்து வெச்ச?"

"சாய்வா இருக்குது, சூடாவும் இருக்குது. காக்கா வேற கிட்ட வர மாட்டேங்குது. ஒங்கப்பாரு இந்த வூட்ல இத்தன வருசத்துல ஒரு எடம் இது மாதிரி பண்ணிக் குடுத்திருக்காரா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. வடகத்துக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்? தாம்பாளத்தை எடுத்த அதே நேரத்தில் கோள் திரும்பி வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு நடுப் பேச்சில் மறுபடி கிளம்பிவிட்டால்? என் பெண்ணின் வேலையை அந்தமானுக்குப் போகிற ஒரு சாமானிடம் ஒப்படைப்பதா?

சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டி என் மனைவியின் தம்பி வீடு. அங்கே கம்பி வழியாக வருகிற, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய, மானமுள்ள இணையம் இருக்கிறது. அதே டிஷ் வழியாக மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன்.

"மச்சான், ஒங்க வூட்ல வயர் லைன் நல்லா இருக்குதா?"

"சூப்பரா இருக்குது மாமா. நாளைக்கு வர்றீங்கல்ல?"

"வர்றேன். பாப்பாவும் வரும்."

"வாங்க வாங்க, வருசா வருசம் வர்றதுதான. சாப்பாடு இங்கதான்."

மகள் ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். நான் விடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்தேன். செய்தேன் என்றால், நான் பேசினேன், அவள் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் காலையிலேயே பைக்கில் போய் மச்சான் வீட்டு லைனைச் சோதிப்பேன். சரியில்லை என்றால் போன் செய்வேன். என் போன் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம், அவள் ஆட்டோ பிடித்து வந்துவிட வேண்டும். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று வழியெல்லாம் என்னையே மெச்சிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு ஆனித் திருமஞ்சனத் தேர். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனேன். நடராஜர் வாசல் வழியாகவே போகிற வீட்டில் உட்கார்ந்து பேசினால் வேலை கிடைக்காமல் போகுமா என்றுகூட மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தேருக்காக நாலு வீதியிலும் மின்சாரத்தை நிறுத்துவார்கள், குறுக்கே போகிற வயர்களை எல்லாம் கழற்றி இறக்குவார்கள் என்பதும் தெரியும். சின்ன வயசிலிருந்து வாயைப் பிளந்து பார்த்த காட்சிதான். மச்சான் வீட்டுக்கு வருகிற வயரும் அப்படிக் குறுக்கே போகிற வயர்தான் என்பது மட்டும்தான் என் மூளையில் ஏறவில்லை.

பைக்கை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் நீந்தி வீடு போய்ச் சேர்ந்தேன். கம்பத்தில் வயர் சுருட்டிக் கட்டி, பூணூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் விசிறியோடு வாசலில் நின்றார்.

"மச்சான், நெட்டு?"

"இன்னா மாமா, தேரன்னிக்கு வந்து நெட்டுன்றீங்க? கரண்ட்டே இல்ல."

"நேத்து சூப்பரா இருக்குதுன்னீங்க!"

"நேத்து இருந்துச்சு. இன்னிக்கு சாமி வருது. சாமி பெருசா, ஒங்க ஃபேஸ்புக்கு பெருசா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் விசிறியை நிறுத்தினார். "அட கடவுளே. பாப்பா பேட்டிக்கா? நீங்க தேர் பாக்க வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

மகளுக்குப் போன் போட்டேன். சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன, அழைப்புதான் போகவில்லை. வீதியில் நின்ற அத்தனை பேரும் தேரைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டவர் மூச்சுத் திணறியது. மச்சான் போன், மச்சான் மனைவி போன், எதுவும் போகவில்லை.

அப்போதுதான் என் புத்திசாலித்தனமான ஏற்பாடு நினைவுக்கு வந்தது. போன் வரவில்லை என்றால் வந்துவிடு. அப்படியென்றால் அவள் கிளம்பியிருப்பாள். ஆட்டோ வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது கூட்டத்தில் சிக்கி நிற்கும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பெண் அழுதுகொண்டிருப்பாள். அங்கே வளைகுடாவில் யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். எல்லாம் அப்பன் செய்த வேலை.

ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட்டம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் போனேன். அது நேராகத் தேரின் வடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையில் வடத்தைத் திணித்தார்.

"புடிப்பா, நல்லா இழு!"

"ஐயா, நான் அவசரமா போவணும்."

"தேர் மட்டும் இன்னா சும்மாவா போவுது? இழு!"

இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, உயிர் போகிற வேகத்தில் இழுத்தேன். தேர் நகர்ந்தால்தானே நான் நகர முடியும். "பக்தின்னா இப்டி இருக்கணும்," என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. ஒரு சந்து தெரிந்ததும் வடத்தை விட்டுவிட்டு அதில் நுழைந்தேன். செருப்பில் ஒன்று வீதியிலேயே நின்றுவிட்டது.

ஒற்றைச் செருப்போடு பைக்கை எடுத்தேன். எதிரே வந்த ஒவ்வோர் ஆட்டோவிலும் தலையை நுழைத்துப் பார்த்தேன். முட்லூரில் பைக்கைக் குறுக்கே போட்டு ஓர் ஆட்டோவை மறித்தேன். உள்ளே பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி. "இன்னா அண்ணே, பொண்ணக் காணோமா?" என்று மாப்பிள்ளைத் தோழன் கேட்டான். ஆமாம் என்றேன். "காணாமப் போனது எங்க பொண்ணு இல்ல, வழிய வுடுங்க," என்றான். வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது. மழையில் கோள் கொஞ்சநஞ்சம் வேலை செய்வதும் போச்சு என்று நினைத்துக்கொண்டே, கண்ணாடி போட்ட கண்ணில் தண்ணீர் வழிய, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்று உதட்டில் விரலை வைத்தாள்.

"பாப்பா எப்ப கெளம்புச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"எங்க கெளம்புச்சு? உள்ளதான் பேசிக்கினு இருக்குது. செருப்பு எங்க?"

"நான்தான் போன் வரலைன்னா வந்துடச் சொன்னனே!"

"நீங்க சொல்லி அது என்னிக்குக் கேட்டுச்சு? நீங்க போனதும் கதவச் சாத்திட்டு, அப்பாடின்னு ஒக்காந்துச்சு."

கதவு இடுக்கில் பார்த்தேன். என் மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, திரையில் தெரிந்த இரண்டு பேருக்கு ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, படம் அசையாமல் இருந்தது. நனைந்த சட்டையோடு கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதற்கும் உபயோகமில்லாமல் இருப்பதில் அவ்வளவு நிம்மதி உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முழு நேர்காணலும் எங்கள் மாடி டிஷ் வழியாகவே, ஒரு முறைகூட நிற்காமல் நடந்து முடிந்தது. அவளை எடுத்துக்கொண்டார்கள்.