கைமடியாக நின்ற ஒரு வாரம்

இதைப் படிக்கும் நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குற்றம் சாட்டியவனும் நான்தான், குற்றவாளியும் நான்தான் என்பதால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்க மூன்றாவதாக ஒருவர் தேவைப்படுகிறார்.

2006-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். திருப்பூர் மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வீட்டு அலமாரி கொள்ளாத அளவுக்கு வாங்கியவன் நான். எதிரணியின் வாதத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றாக உடைத்து, கடைசி வாக்கியத்தில் கைதட்டல் வாங்கும் கலை எனக்குக் கைவந்திருந்தது. அந்தப் பெருமையை மறைக்கவும் நான் முயன்றதில்லை.

சாயப்பட்டறையிலிருந்து துணி, ஒரு தடவை சாயம் ஏற்றியது ஒரு லாட் என்று, லாட் லாட்டாக வரும். ஒரே நீலம் என்றாலும் ஒரு லாட்டின் நீலம் இன்னொன்றோடு முழுமையாக ஒத்துப்போகாது. ஆகவே ஒரு டி-சர்ட்டின் உடல் பாகமும் கைப் பாகமும் ஒரே லாட்டிலிருந்து வர வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் லாட் எண் எழுதிய சீட்டைச் செருகுவது என் பொறுப்பு. நானோ, எங்கள் வட்டாரக் கத்தோலிக்கரின் பங்குக் கோவிலில் பேசவிருந்த உரையை மனப்பாடம் செய்ய நேரம் வேண்டும் என்று, அன்றைய சீட்டுகள் அனைத்தையும் காலையிலேயே எழுதி வைத்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, தைத்து முடித்தவற்றை வெயிலில் பிரித்துப் பார்த்தபோது உடல் ஒரு நீலமாகவும் கை வேறொரு நீலமாகவும் இருந்தன. தைத்தவர் ஓவர்லாக் மிஷினில் இருந்த ஓர் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். டெய்லருக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கும் உதவியாளரைக் கைமடி என்போம். அந்தக் கைமடியாக ஆறு வருடம் நின்ற பிறகே அவருக்கு மிஷினில் உட்கார இடம் கிடைத்திருந்தது.

மேனேஜர் எல்லோரையும் கூட்டி, யாருடைய தவறு என்று கேட்டார். நானே முன்வந்து பேசினேன். துணி சரியாக வந்தது, சீட்டு சரியாக எழுதப்பட்டது, ஆகவே கலந்தது மிஷினில்தான் என்று மூன்று படிகளில் நிறுவினேன்.

"சீட்டுல ஒரே நம்பர் இருந்தாத்தான் சேத்துத் தைப்பேன் சார். மாத்தித் தைக்க மாட்டேன்" என்றார் அந்த அக்கா. அடுத்த வார்த்தையை அவர் தேடுவதற்குள் நான் குறுக்கிட்டேன். "சீட்டுக்கு அலுப்பு வராது, கைக்கு வரும்" என்று முடித்தேன். சிலர் சிரித்தார்கள். அன்று மதியமே அவரை மிஷினிலிருந்து எழுப்பி, மறுபடியும் கைமடியாக நிற்க வைத்தார்கள்.

புதன்கிழமை, சாயப்பட்டறையின் ரசீது ஒன்று என் கைக்கு வந்தது. அதன்படி, அந்தத் துண்டுகளை வெட்டிய சனிக்கிழமை நடுப்பகலிலேயே லாட் மாறியிருந்தது. நான் முன்கூட்டி எழுதிய சீட்டுகள் மட்டும் மாறவில்லை. உடல் பாகம் பழைய லாட், கைப் பாகம் புதிய லாட். இரண்டிலும் என் கையெழுத்தில் ஒரே எண். அந்த அக்கா எண்ணைப் பார்த்துச் சரியாகத்தான் சேர்த்திருந்தார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வாதத் திறமை அப்போதும் என்னைக் கைவிடவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு வரிசையாகக் காரணங்கள் கிடைத்தன.

மறுநாள் மாலை அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபிப்பதை அன்பியம் என்போம். அந்த வாரம் சிந்தனை வழங்க வேண்டியவன் நான். அன்றைய பைபிள் வாசகம் மன்னிப்பைப் பற்றியது. முறைப்படி அந்த வாரத்துக்குரிய வீடு, அந்த அக்காவின் வீடு.

லைன் வீட்டில் ஒற்றை அறை. எல்லோருக்கும் பாய் விரித்து, எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டிருந்தார். "பேச வாரவுக கீழ உக்காந்தா நல்லாவா இருக்கும்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுந்து நின்றேன். முதல் வாக்கியம் தயாராக இருந்தது. அழகான வாக்கியம். சொல்ல வாயெடுத்தபோது, நாள் முழுவதும் நின்ற கால்களைச் சுவரோரம் நீட்டி அவர் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். "சீட்டு தப்பு. நான் எழுதினது தப்பு. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்றுதான் வந்தது.

அக்கா கால்களை மடக்கிக்கொண்டார்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நேத்தே தெரிஞ்சும் இன்னிக்கு முழுக்க என்னய நிக்க விட்டிருக்க."

"மன்னிச்சிருங்க அக்கா."

"மன்னிக்கதுக்கென்ன, மன்னிச்சிட்டேன். ஆனா இத இங்கன வந்து சொல்லி என்ன செய்ய? என் மிஷின் இங்கனயா கெடக்கு? அன்னிக்கு எங்க நின்னு பேசினியோ அங்க போய்ப் பேசு. அதே சத்தத்துல பேசு." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "சுண்டல் ஆறிப்போவுது, ஜெபத்த முடிங்க" என்றார்.

மறுநாள் டீ நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. நான் நடுவில் வந்து நின்றதுமே, "ஏனுங்க, பட்டிமன்றம் ஆரம்பிச்சிருச்சுங்க, டீயக் கீழ வெச்சுட்டு வாங்க" என்று ஒருவர் கிண்டலடித்தார். ரசீதைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, அத்தனை பேர் முன்னிலையிலும் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மேனேஜர் ரசீதை வாங்கிப் பார்த்தார். "அன்னைக்கு அத்தன பேசுனீங்களே தம்பி, சீட்ட ஒருக்காப் பாத்திருக்கலாமில்லீங்களா?" வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றே எண்ணினேன். அவர் அக்காவிடம் திரும்பினார். "நீங்க போய் உங்க மிஷின்ல உக்காருங்கம்மா. இவர என்ன பண்றதுன்னும் நீங்களே சொல்லிருங்க."

"அனுப்பிராதீங்க சார். எனக்கு ஒரு வாரம் கைமடியா விடுங்க. துணி எப்படிக் கை மாறுதுன்னு அந்தத் தம்பியும் பாக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் அவர் பக்கத்தில் நின்றேன். சீட்டைப் பார்க்காமல் அவர் ஒரு கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அன்று ஒரே வரியில் அவர் சொன்னதும் அதைத்தான். என் வாதத்தின் இரைச்சலில் எனக்கு அது கேட்கவில்லை. இரண்டாம் நாள் நான் துண்டைப் புரட்டிக் கொடுத்துவிட்டபோது, "கப்பெல்லாம் வாங்கிருக்கியாமே, துணிக்கு நல்ல பக்கம் எதுன்னு அங்க யாரும் சொல்லித் தரலியோ?" என்றார்.

மன்னிப்பு என்றால் நடந்ததை மறந்துவிடுவது என்றே மேடைகளில் நான் பேசி வந்தேன். அவர் எதையும் மறக்கவில்லை. தவறை, அது நடந்த இடத்துக்கே அனுப்பித் திருத்தவைத்தார். தவறியவனைத் தெருவில் விடாமல் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இரக்கம் என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்த ஓவர்லாக் மிஷினின் ஓசைதான் கேட்கிறது.

அடுத்த வியாழன் அன்பியத்தில், ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொல்லி என் முறை வந்தபோது, அந்த அக்காவின் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்: "ஆண்டவரே, இனி ஒருவர் மேல் நான் குற்றம் சொல்ல நேர்ந்தால், அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன்."