குடோனில் இருந்த மூன்று ஸ்டூல்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடித் தள்ளுபடி சமயம். பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்களிடமும் மூன்று ஸ்டூல்கள் இருந்தன, குடோனில். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் மட்டும் அவை வெளியே வரும். மற்ற நாட்களில் யாராவது சுவரில் சாய்ந்தாலே நான் முறைப்பேன்.

அன்று காலை கடைக்கு எதிரே ஒரு பெண் வந்து நின்றார். கறுப்புச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். கடை அடைக்கும்வரை உட்கார மாட்டேன் என்று எழுதிய அட்டை காலடியில் இருந்தது. மணிக்கொரு முறை குனிந்து, நீலப் பேனாவால் தன் கெண்டைக்காலில் ஒரு நரம்பு வரைந்தார். பெண்கள் படும் பாட்டைத் தன் உடம்பிலேயே காட்டுகிற கலைஞராம், சென்னையிலிருந்து வந்தவராம். கடைக்கு வருகிற கூட்டமும் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு கலையா என்று நினைத்தபடி, சாயங்காலம் அவரை விரட்டக் கிளம்பினேன்.

எனக்கு முன்பே எங்கள் பிரிவு அக்கா ஒருவர் அங்கே நின்றிருந்தார். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், டீ குடிக்கக் கடையிலிருந்து வெளியே வந்திருந்தார்.

"நரம்பு இவ்ளோ நேரா போவாதும்மா" என்றவர், அத்தனை பேர் நடுவில் தன் சேலையைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால் முழுக்க நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. ஆறு வருடம் என் கண்ணெதிரே நின்ற கால். நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண் பேனாவை அவரிடமே கொடுத்தார். அக்கா தரையில் குந்தி, தன் காலைப் பார்த்துப் பார்த்து அவர் காலில் வரைந்தார். வலிக்குமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, நின்றால்தான் வலி என்றார். அப்போதுதான் என்னைக் கவனித்தார். சட்டென்று சேலையை இறக்கிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"சார் நல்லவருங்க. கடை வழக்கம் அப்புடி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம். திரும்பிப் போய், குடோனைத் திறந்து, மூன்று ஸ்டூல்களையும் நானே தூக்கி வந்து போட்டேன். கடைக்குத் திரும்பிய அக்காவை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீசர் வராங்களா சார்?"

முதலாளி முணுமுணுத்தாலும் அந்த ஸ்டூல்கள் பிறகு குடோனுக்குத் திரும்பவில்லை. ஆனாலும் இன்றைக்கு யாராவது என்னை நல்லவர் என்று சொன்னால், எனக்கு முதலில் அந்தக் கால்தான் நினைவுக்கு வருகிறது.