அண்ணிகிட்ட கேளு

காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் அடைந்திருக்கும் நூல் பிசிறைத் தட்டி எடுப்பது அண்ணியின் வேலை. திரைச்சீலை தைக்கிற கடையில் தூசி என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் பிசிறுதான். அதற்கென்றே ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் வைத்திருந்தாள். விசைகளின் இடுக்கில் விட்டு இழுத்தால் முந்தின நாள் வெட்டிய துணியின் நிறம் வெளியே வரும். அன்றைக்குப் பச்சை.

பிரஷை மூலையில் வைத்துவிட்டு மெயிலைத் திறந்தாள். யாரும் பார்க்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். பார்த்துவிட்டால் எழுத்து மெலிந்துவிடும். கொஞ்ச நாளாகவே அவள் உட்காருவதற்கு முன்பே சில மெயில்கள் மெலிந்து கிடந்தன. அவளுக்கு முன்னால் யாரோ வந்து உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். நாற்காலிதான் சூடாக இல்லை.

"என்னங்க, நீங்க மெயில் பார்த்தீங்களா?"

கம்ப்யூட்டர் இருந்த உள் அறைக்கும் முன்கடைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் கதவு. அதற்கு அந்தப் பக்கம் வெட்டுமேசையில் குனிந்திருந்த அவள் கணவர் நிமிரவில்லை.

"நான் என்னிக்கு அதைத் தொட்டேன்? எனக்கு டேப்பும் கத்திரியும் போதும்."

அது உண்மைதான். அடுத்து தையல் அக்காவைக் கேட்டாள். அக்கா மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"என் மருமக அனுப்பற மெசேஜையே நான் படிக்கிறதில்ல. உங்க கடை மெயிலைப் படிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க? முகத்தைப் பார்த்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு."

மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். அவனைக் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே அவளை உறுத்தியது.

அவன் கொழுந்தன். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையன். அவன் "அண்ணி, அண்ணி" என்று கடைக்குள் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் வாடிக்கையாளர்களும், எதிர்க்கடைக்காரரும், வயதில் மூத்த தையல் அக்காவும்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணி சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டால் பார்சல்காரர், "இது யாருங்க?" என்று கேட்பார்.

இப்போது அவன் தெருக்கோடியில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அண்ணன் கடைக்கு இன்டர்நெட் இழுத்தது, கம்ப்யூட்டர் வாங்கி வைத்தது, மெயில் போட்டுக் கொடுத்தது, மவுஸ் என்றால் என்னவென்று அண்ணிக்குச் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவன்தான். பாஸ்வேர்டும் அவன் வைத்ததே. அவளுக்கு மறக்கக் கூடாதென்று வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியத்தையே ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்துவிட்டான்: அண்ணிகிட்டகேளு. கத்தரிக்கோல் எங்கே? அண்ணிகிட்ட கேளு. ஊசிப் பெட்டி எங்கே? அண்ணிகிட்ட கேளு. இந்தத் துணி எவ்வளவு மீட்டர்? அண்ணிகிட்ட கேளு.

மெயிலுக்கு அது. பில் போடுகிற இடத்துக்கும் அதுவே. வாசல் கேமராவுக்கும் அதுவே. வைஃபைக்கும் அதையே வைத்தபோது கடையில் ஒரு வேடிக்கை பிறந்தது. காத்திருக்கும் வாடிக்கையாளர் பாஸ்வேர்ட் கேட்பார். அண்ணன் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணிகிட்ட கேளு" என்பார். அவர் எழுந்து வந்து அண்ணியைக் கேட்பார். "அதான் அவர் சொல்லிட்டாரே" என்பாள் அண்ணி. புரிந்தவர் சிரிப்பார். புரியாதவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்ணனுக்கு இந்த விளையாட்டு அலுத்ததே இல்லை. கடைசியில் அதையே ஓர் அட்டையிலும் எழுதி, முன்கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும் நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டார்.

அன்று அவள் மெயிலை மூடுவதற்குள் ஃபோன் அடித்தது. பிசியோதெரபி கிளினிக் மேனேஜர். கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் திரையும் ஜன்னல் திரையும் ஆர்டர் கொடுத்திருந்தவர்.

"அண்ணி, உங்க மெயில் வந்துச்சு. பேங்க் கணக்கை மாத்திட்டீங்களாமே? அட்வான்ஸைப் புதுக் கணக்குல போடச் சொல்லியிருக்கீங்க."

"நான் மெயிலே அனுப்பலையே சார்."

"எனக்கும் அதான் சந்தேகம். அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஏசி பெட்டி துருத்திக்கிட்டு இருக்கிற ஜன்னலுக்கு மட்டும் உயரம் குறைச்சுப் போட்டிருந்தீங்க. ஆனா 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. நீங்க என்னை என்னிக்கு மதிச்சீங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எப்போதும், "சார், நீங்க குடுத்த அளவு தப்பு, நானே வந்து அளக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஏசி பெட்டி துருத்தும் ஜன்னல் விஷயம் அப்படிப் போய் அளந்தபோது தெரிந்தது. அதை எழுதியது ஒரே ஒரு மெயிலில்.

"பணம் போட்டுடலையே?"

"போடல. கணக்கை மாத்தறதா யார் எழுதினாலும், நமக்குத் தெரிஞ்ச பழைய நம்பருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் போடணும்னு எங்க கம்ப்யூட்டர் பார்க்கிற மேடம் கண்டிஷன் போட்டிருக்காங்க. அந்த மெயில்லயே ஒரு நம்பர் இருக்கு, அதைக் கூப்பிடக் கூடாதாம். நீங்களும் அவங்ககிட்ட ஒரு தடவை பேசிடுங்க."

நம்பரை வாங்கிக்கொண்டு அண்ணி ஃபோனை வைத்தாள். ஏதோ ஊரிலிருந்து குருட்டாம்போக்கில் அனுப்பியிருந்தால் அந்த ஜன்னல் எப்படித் தெரியும்? தெரிந்த ஆளாயிருந்தால் 'மதிப்பிற்குரிய ஐயா' எப்படி வந்தது? தெரிந்த ஆளே தெரியாதவன் மாதிரி எழுதினானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது நகராமல் உட்கார்ந்துகொண்டது.

மேடத்தின் குரல் நடுத்தர வயதுக் குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"யார் மேல சந்தேகம்?" என்று எடுத்ததுமே கேட்டாள்.

"யார் மேலயும் இல்லைங்க."

"அப்போ எல்லார் மேலயும் சந்தேகப்படுங்க. அதான் மரியாதை. ஒருத்தர் மேல மட்டும் பட்டாத்தான் மனசு கசக்கும்."

அவள் சொல்லச் சொல்ல அண்ணி மெயிலின் அமைப்புகளைத் திறந்தாள். எந்தெந்தக் கருவியிலிருந்து இந்த மெயில் திறந்திருக்கிறது என்று ஓர் இடம் காட்டியது. கடைக் கம்ப்யூட்டர் இருந்தது. அவளுடைய ஃபோன் இருந்தது. அதற்குக் கீழே அவளுக்குத் தெரியாத வேறொரு ஃபோன் இருந்தது.

"உங்க வீட்ல யாராவது ஃபோன் மாத்தினாங்களா?"

"எங்க கொழுந்தன் ஃபோன் கடை வச்சிருக்கான். அவன் கையில தினமும் ஒரு ஃபோன்."

"சரி. இன்னொரு இடம் பார்ப்போம். வர்ற மெயிலோட நகல் வேற எங்கயாவது தானா போகுதான்னு பாருங்க. இதை யாரும் பார்க்கிறதே இல்ல."

போய்க்கொண்டிருந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரியின் முதல் பாதி கொழுந்தனின் செல்லப் பெயர். அந்தப் பெயரை வைத்தவளே அண்ணிதான்.

"யாருதுன்னு தெரியுதா?"

"எங்க வீட்டு ஆளு."

"நல்லதா, கெட்டதா?"

"தெரியலை" என்றாள் அண்ணி. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது.

"முதல்ல அதை எடுத்துடுங்க. விசாரணை அப்புறம். பாஸ்வேர்டை மாத்துங்க. மெயிலுக்கு ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு. கடைக்கு வர்றவங்களுக்குத் தனி வைஃபை. யார் மெயிலுக்குள்ள நுழைஞ்சாலும் உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்து கேக்கற மாதிரி வையுங்க. வாடிக்கையாளருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க, மெயில்ல சொல்லாதீங்க. அப்புறம், பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது. உடம்புக்கு முடியாமப் போனா கடை நிக்கக் கூடாது. இன்னொருத்தருக்கும் தெரியணும். அது யாருன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

இன்னொருத்தர் என்றால் இத்தனை வருஷமாக அவன்தான்.

நகல் போகும் வழியை அடைத்தாள். பாஸ்வேர்டை மாற்றப் போனபோது கம்ப்யூட்டர் வழிமறித்தது. சரிபார்க்கும் எண்ணைப் பதிவான கைபேசிக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது. பதிவான கைபேசி அவனுடையது. அவனை வெளியே நிறுத்திப் பூட்ட வேண்டுமானாலும் சாவியை அவனிடம்தான் வாங்க வேண்டும்.

அடுத்த மூச்சில் அவனே கூப்பிட்டான்.

"அண்ணி, எனக்கு ஒரு நம்பர் வந்திருக்கு. நீங்களா?"

"நான்தான். சொல்லு."

"என்ன விஷயம்?"

"நீ நம்பரைச் சொல்லு தம்பி."

"குரல் ஒரு மாதிரியா இருக்கே. இந்த நம்பரை ஃபோன்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுக்கறேன். இருங்க, நேர்ல வர்றேன்."

வருகிறவரைக்கும் அவள் யோசித்தாள். ஜாக்கிரதைக்காரன் பேச்சா, நேரம் கடத்துகிறவன் பேச்சா? இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாகவே இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் வழக்கம்போல மேசை விளிம்பில் உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். கிளினிக் மேனேஜர் சொன்னதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"கடை மெயிலெல்லாம் உனக்கு நகல் வருதா?"

அவன் நெற்றி சுருங்கியது. யோசிக்கிறானா, யோசிப்பதுபோலக் காட்டுகிறானா என்று பார்த்தாள். அப்படிப் பார்க்கிற தன்னையும் சேர்த்தே பார்த்தாள்.

"அட. ஆமா. நீங்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப போட்டேன். ஆர்டர் எதுவும் தவறிடக் கூடாதுன்னு. அப்புறம் எடுக்க மறந்துட்டேன். அந்த மெயிலை நான் திறந்தே காலமாச்சு அண்ணி."

"இப்போ திற."

ஃபோனை எடுத்து அடித்தான். திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது. இவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அடித்தான்.

"பாஸ்வேர்ட் தப்புங்குது. யாரோ மாத்தியிருக்காங்க."

"என்ன வச்சிருந்த?"

அவன் முன்கடையில் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்த அட்டை இருக்கும் திசையைப் பார்த்தான்.

"அதுவுமா?"

"எனக்கும் மறக்கக் கூடாதுன்னுதான்."

நம்பக்கூடிய பதில்தான். தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்த வாக்கியத்தைப் போட்டு எவனோ அவன் பழைய மெயிலுக்குள் போயிருக்கிறான். அங்கே கடையின் மெயில்களைப் படித்திருக்கிறான். அதே வாக்கியத்தைப் போட்டு இங்கேயும் நுழைந்திருக்கிறான். எல்லாம் பொருந்தியது. செய்தவனே வந்து சொன்னாலும் இதே கதையைத்தான் சொல்வான் என்பதும் பொருந்தியது.

"நம்பரைச் சொல்லு."

சொன்னான். இலக்கம் இலக்கமாக, அவள் அடிக்க அடிக்க நிறுத்தி, முதன்முதலில் மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அதே பொறுமையோடு. அவள் மெயிலில் அவன் கைபேசி எண்ணை நீக்கித் தன் எண்ணைப் போட்டாள். தெரியாத அந்த ஃபோனை வெளியே தள்ளினாள். "இது எந்த மாடல்?" என்று கேட்கவில்லை. அவன் எட்டிப் பார்க்கவும் இல்லை. புதுப் பாஸ்வேர்ட் அடிக்கும் நேரம் வந்ததும் அவனாகவே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஏ.டி.எம்மில் முன்பின் தெரியாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

வாடிக்கையாளருக்கென்று தனி வைஃபை பிரிக்கும் வேலையை அவனே செய்து கொடுத்தான். ரூட்டர் பெட்டியின் மேலிருந்த பிசிறை ஊதித் தள்ளினான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்."

"என்னன்னு சொல்லப்போறீங்க?"

"நடந்ததை."

முன்கடையிலிருந்து தையல் அக்காவின் குரல் வந்தது. "அண்ணி, வைஃபை போயிடுச்சு. பாட்டு பாதியில நிக்குது. புதுப் பாஸ்வேர்ட் ஏதாவது வச்சீங்களா?"

"அண்ணிகிட்ட கேளு" என்றார் அண்ணன் வெட்டுமேசையிலிருந்து. அவரே சிரித்துக்கொண்டார்.

கொழுந்தனும் சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும் முகத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான். அந்த மிச்சத்தோடுதான் கேட்டான்.

"மெயிலுக்கு என்ன வச்சீங்க அண்ணி?"

விளையாட்டாகக் கேட்கும் குரல். ஆனால் அவன் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொருத்தர் யார் என்று மேடம் கேட்டதற்குப் பதிலும் கிடைத்துவிடும். சொல்லாவிட்டாலும் அது ஒரு பதில்தான்.

"டேய், என்னடா கேக்கற அங்க?" என்றார் அண்ணன்.

"பாஸ்வேர்டுண்ணா."

"அண்ணிகிட்ட கேளுடா."

"கேட்டுட்டேன்."

அண்ணி பிரஷை எடுத்தாள். காலையில் தட்டிய விசைப்பலகையில் மறுபடியும் பச்சைப் பிசிறு சேர்ந்திருந்தது. இடுக்கு இடுக்காக இழுத்தாள். அவன் மேசையிலிருந்த தன் ஃபோனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். திரையை விலக்கிக்கொண்டு போனான்.