மூன்றாம் பிரதி

இது உண்மையாகவே நடந்தது. கற்பிட்டிப் பக்கம் கட்டுக்கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இது கட்டியதல்ல. நம்பாதவர்கள் வந்து நிசாந்தியின் வலக்கண்ணைப் பார்க்கலாம்.

வன்னிச் சண்டையில் அவளுக்கு இடக்கண் போனது. மங்கிக்கொண்டிருந்த வலக்கண்ணுக்கு, இறந்த யாரோ ஒருவரின் கருவிழியைக் கொழும்பில் வைத்தார்கள். அந்த ஒற்றைக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. செப்புத் தகட்டில் ஊசியால் உருவம் கீறி, மை பூசி, ஈரக் கடதாசியில் அழுத்திப் பிரதி எடுப்பாள்.

2014 ஆகஸ்ட். கோயில் மூப்பர் அல்பேட் ஒரு படம் கொண்டுவந்தார். காலமான பங்குச்சாமி, அந்தக் கோயில் பாதிரியார், சவப்பெட்டிக்குள் கிடக்க, சொந்தபந்தம் சுற்றி நின்று எடுத்த படம்.

"வேற படம் இல்ல பிள்ளை. திருநாளுக்குப் பத்துப் பிரதி வேணும். கண்ணைத் திறந்து கீறிவிடு."

"ஓம்."

அங்கேதான் பிழை விட்டாள்.

பிற்பகல் 2.10. முதல் பிரதி. அவள் திறந்து கீறிய கண்கள் கடதாசியில் மூடிக் கிடந்தன. மை இறங்கவில்லையாக்கும் என்று நினைத்தாள்.

2.35. இரண்டாம் பிரதி. இந்த வேலையில் எடுக்க எடுக்கப் படம் வெளிறும். கீறலோரத்துச் செம்புப் பிசிர் நசுங்கிவிடும். இதுவோ முன்னதைவிடக் கறுத்திருந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது.

கிறீச்... கிறீச்...

ஊசி கீறும் சத்தம். ஊசி மேசையில் கிடந்தது. சத்தம் அச்சுப்பொறிக்குள், தகட்டின்மேல் விரித்த கம்பளிக்குக் கீழே இருந்து வந்தது.

2.50. மூன்றாம் பிரதி.

அந்தக் கண் முழுதாகத் திறந்திருந்தது. அவளையே பார்த்தது. அத்தனை வன்மம்.

விலகி நின்றாள். அதன் பார்வையும் கூடவே வந்தது...

கிறீச்...

ஊசியை எடுத்தாள். தகட்டில் அந்தக் கண்ணுக்குக் குறுக்கே ஒரே இழுவை.

சத்தம் நின்றது.

வெளிச்சமும்.

அவள் கண்ணை யாரும் தொடவில்லை. ஆனால் கருவிழிக்குக் குறுக்கே ஒரு கோடு. டொக்டருக்கும் விளங்கவில்லை.

மூப்பர் பார்க்க வந்தார். நடந்ததைக் கேட்டார்.

"பெட்டிக்குள்ள சாமிக்குக் கண் இல்லையே பிள்ளை. பஞ்சு வச்செல்லோ மூடினது."

"தானம் குடுத்தவரோ?"

"அவர் கடைசி மட்டும் மாட்டன் எண்டவர். தம்பியார் கையெழுத்து வச்சிட்டார்."

"எப்ப?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்டு, மார்ச் பதினொண்டு. பின்னேரம்."

நிசாந்திக்குக் கருவிழி வைத்தது அதே மார்ச், பன்னிரண்டாம் திகதி காலையில்.