வலப்பக்க இருக்கை

தேங்காய்ப்பால் டின்கள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன் மேல் மல்லாந்து படுத்து, பாலாம்பிகை அக்கா வண்டிக்கு அடியில் போய்விட்டார். இனி வெளியே தெரிவது கம்பளிக் காலுறையும் ஒரு சோடி தோட்டச் சப்பாத்தும் மட்டும்தான். உள்ளே மரக்கரண்டியால் வண்டியின் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போகிறார். ணங், ணங் என்று போன சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று அடங்குகிறது.

"பிள்ளை, கேட்டனியோ? இதில கறள். மேலால கறுப்பு மை பூசி மறைச்சிருக்கிறாங்கள்."

கறள் என்றால் துரு. வண்டியை விற்க வந்த ஜெர்மன்காரர் என்னைப் பார்க்கிறார். நான் வானத்தைப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் என் வேலை இதுதான்.

அக்கா லைப்சிக்கில் வயதானவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறார். ஐம்பது தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது, குள்ளம், நடை மட்டும் ஓட்டம். நான் அவர் வீட்டுக்கு மேல் மாடியில் இருப்பவள், திருச்சியிலிருந்து வந்து கணினி வேலை பார்ப்பவள். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்பது மட்டும். அதிலும் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வரும். அப்படியிருக்க என்னை ஏன் இழுத்துக்கொண்டு அலைகிறார் என்று கேட்டால், "ரெண்டு பேர் நிண்டால்தான் விக்கிறவன் அடக்கமாக் கதைப்பான்" என்பார். கூலி, ஆட்டிறைச்சி வைத்த ரோல்ஸ். அதற்காக நான் போலந்து எல்லை வரைகூடப் போயிருக்கிறேன்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி எதுவாக இருந்தாலும் அக்காவுக்கு அது ஜீப். யார் செய்தது, எந்த நாட்டு வண்டி என்பதெல்லாம் அடுத்த பேச்சு. "ஒரு நல்ல ஜீப், பிள்ளை. கல்லுக்கும் சேத்துக்கும் பயப்பிடாத ஒண்டு." எதற்கு என்று கேட்டால் கூச்சமே இல்லாமல் சொல்வார்: தங்கம் தேட.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. முதுகுவலி என்று டாக்டரிடம் போனவரை, இந்த நாட்டு வழக்கப்படி காப்புறுதிக்காரர்கள் தூரிங்கியா மலைப்பக்கம் உள்ள ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவைத்தார்கள். 'கூர்' என்பார்கள். அங்கே ஒருநாள், பொழுதுபோக்காக, ஓடையில் தங்கம் அரிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. கையில் கொடுத்த பிளாஸ்டிக் தட்டைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இது அரிக்கன் சட்டி. உள்ளே வரிவரியாகக் கோடு கீறிய சட்டி அது. யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி ஊற்றினால் அரிசி வழிந்துவிடும், கல் வரியில் தங்கிவிடும். வாத்தியார் விளக்கி முடிப்பதற்குள் அக்கா ஓடைக்குள் இறங்கிச் சுழற்றத் தொடங்கிவிட்டார். வழிந்த மணலைப் பத்திரமாக இன்னொரு பாத்திரத்தில் பிடித்தார். அடியில் தங்கியதைப் பழக்கதோஷத்தில் எட்டி எறிந்தார்.

"அந்த மனுசன் கத்தின கத்து! சப்பாத்தோட ஆத்துக்குள்ள பாஞ்சிட்டார். அடியில கிடக்கிறது கல்லெண்டுதானே நாங்கள் எறியிறனாங்கள். பொன் கிடக்குமெண்டு ஆர் கண்டது?"

மறு தட்டில் எறியவில்லை. கறுப்பு மணலுக்கு நடுவே தூசி போல மினுங்கியதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். முதுகுவலி அன்றைக்கே போய்விட்டது என்பது அக்காவின் வாக்குமூலம். டாக்டர் இதை ஒப்புக்கொண்டாரா தெரியாது.

வீடு திரும்பியதும் கணவரையும் இழுத்துக்கொண்டார். செல்வராசா அண்ணை அப்போது ஒரு பொதிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற மனிதர், அதிகம் பேசாதவர். வார இறுதிகளில் பழைய காரில் மலையோடைகளுக்குப் போவார்கள். ஓடை மணலை வெட்டி அள்ளுவது அவர், அரிப்பது இவர். வெட்டிக் களைத்ததும் அண்ணை ஒரு பாறையில் உட்கார்ந்து, அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அந்த ஓடைக்கரைதான் அவர்கள் குடும்பமாகப் போன இடம். அவ்வளவு வருடம் அரித்துச் சேர்த்த தங்கம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. மூக்குத்திக்குக்கூடப் போதாது.

ஜெர்மனியில் காட்டுப் பாதைக்குள் சொந்த வண்டியை விட்டால் அபராதம் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஜீப் எதற்கு? "இஞ்ச ஓட இல்லை, பிள்ளை" என்று அக்காவின் கை வடக்கைக் காட்டும். தங்கம் அரிப்போர் சங்கத்தில் பழக்கமான ஒரு கிழவர் ஃபின்லாந்தின் வட கோடியில், தங்கம் அரிக்கும் உரிமையோடு ஓர் ஆற்றங்கரைத் துண்டைப் பல காலமாக வைத்திருக்கிறார். கோடை முழுதும் சூரியன் இறங்காத ஊர். தார் ரோடு முடிந்தபிறகும் வெகுதூரம் கல்லும் சேறுமாகப் போக வேண்டும். இருவரும் வாருங்கள், என் குடிசையில் தங்குங்கள் என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். கோயிலில் காணும் சனமெல்லாம் கனடாவில் நடக்கும் கலியாணங்களுக்கு லீவு சேர்க்க, இவர்கள் அந்த ஆற்றுக்கு லீவு சேர்த்தார்கள்.

அக்காவின் போனைத் திறந்தால் சாமி படம் வராது. பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீர் வரும். மதிய வேலை முடிந்து என்னோடு தேநீர் குடிக்கும்போதெல்லாம் அதைத் தடவித் தடவிப் பெரிதாக்குவார். "பால் விடாத தேத்தண்ணி நிறம், பார். அதுக்குள்ள கையை வைச்சா எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சாலே எனக்கு விரலெல்லாம் குளிருது." சொல்லிவிட்டு விரல்களை உண்மையிலேயே தேய்த்துக்கொள்வார்.

லீவு சேர்ந்த நேரத்தில் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். வலது கையும் வலது காலும் பழையபடி வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. அதன் பிறகுதான் அக்கா ஜீப் தேடத் தொடங்கினார். அந்த ஆசையை விட்டுவிடுவார் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில்.

வண்டி பார்ப்பதில் அக்கா புலி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை ஹனோவர் பக்கம் ஒரு வெள்ளை வண்டி. கறள் இல்லை, பளபளவென்று இருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், "சேத்தில விட்டாலும் யானை மாதிரி இழுக்கும்" என்று விற்பவர் முன்னாலேயே புகழ்ந்து தள்ளினார். பிறகு ஆசை தீர இன்னொரு முறை அடியில் நுழைந்தவர், வெகு நேரம் சத்தம் காட்டவில்லை. பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு இருந்த இடத்தில் வெறும் காற்று. யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை, ரோல்ஸும் தரவில்லை.

எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது வேறொன்று. சட்டம், தண்டு, கியர் எல்லாம் தேறிய வண்டிகளும் உண்டு. அப்போது அக்கா வலப்பக்கம், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறப்பார். இருக்கைக்கு முதுகைக் காட்டி நிற்பார். உள்ளங்கையைத் தன் விலா எலும்பில் வைத்து, அப்படியே பின்னால் கொண்டுபோய் இருக்கையைத் தொடுவார். இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதா, பிரார்த்தனை செய்கிறாரா என்று விற்பவர் விழிப்பார். பிறகு ஏறி அங்கேயே கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். இறங்கி, "சரிவராது" என்பார். முடிந்தது.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன். "ஓட்டப் போறது நீங்க. பாசஞ்சர் சீட்டை எதுக்குக்கா இவ்வளவு செக் பண்றீங்க?"

அக்கா சிக்னலில் வண்டியை நிறுத்தினார்.

"அவருக்குக் கால் தூக்கி வைச்சு ஏற ஏலாது, வசு. முதுகைக் காட்டி முதல்ல இருக்கவேணும். பிறகுதான் காலைத் திருப்பி உள்ளுக்க எடுக்கிறது. தெரப்பியில அப்பிடித்தான் பழக்கினவை. அவரின்ர இடுப்பு எனக்கு இதில வரும்." கடைசி விலா எலும்பைத் தொட்டுக் காட்டினார். "சீட் இதுக்கு மேல எண்டா அவர் இருக்கேலாது."

"ஒரு ஸ்டூல் போட்டா?"

"வைச்சுப் பாத்தம். அது ஆடும். அவர் பயப்பிடுறார்."

"அப்போ தாழ்வா ஒரு கார்?"

"அந்தப் பாதையில அடி வயிறு கல்லில இடிச்சுப் போடும்."

"ஜீப்புன்னா எல்லாமே உயரமாத்தானேக்கா இருக்கும்?"

"ஓம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இல்லாத ஒரு வண்டியைத் தேடி இத்தனை சனிக்கிழமை அலைந்திருக்கிறோம். அது இல்லாததென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் தேடுவதற்கு எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்று யோசித்ததும் கோபம் அடங்கிப்போனது.

இந்த வசந்தத்தில் ஃபின்லாந்துக் கிழவர் போன் செய்தார். தனக்கும் முடியவில்லை, இந்தக் கோடையோடு ஆற்றங்கரையை விட்டுவிடப் போகிறேன், வருவதென்றால் இப்போது வாருங்கள் என்றார். அக்கா மேலே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, என் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் பென்ஜமின் என்பவர் வீட்டு வண்டியைப் பார்த்தோம். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. காட்டதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தந்தையின் கரும்பச்சை ஜீப்பை அவர் விற்கிறார். அக்கா அடியில் போனார். முன்னிருந்து பின்வரை ணங், ணங், ணங். ஓரிடத்திலும் சத்தம் மாறவில்லை. தண்டுகள் இருந்தன. சேற்றுக்கான கியர் வெண்ணெய் போல விழுந்தது. வெளியே வந்தவருக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. முகத்தில் அப்படி ஒரு பயம். வலப்பக்கக் கதவைத் திறந்து முதுகைக் காட்டி நின்றார். இருக்கை விலாவுக்கு மேல் நாலு விரல் உயரம். வண்டியைச் சுற்றி வந்து மறுபடி அளந்தார். நாலு விரல்தான்.

"டயரில காத்தைக் கொஞ்சம் இறக்கினா?" என்று என்னிடம் தமிழிலும் பென்ஜமினிடம் ஜெர்மனிலும் கேட்டார். பென்ஜமின் நல்ல மனிதர். குந்தியிருந்து நாலு டயரிலும் காற்றை இறக்கினார். ஒரு விரல் குறைந்தது.

"நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் அக்கா. நாளை மத்தியானம் இன்னொருவர் வாங்க வருகிறார், அதுவரைதான் வைத்திருக்க முடியும் என்றார் பென்ஜமின்.

மறுநாள் அண்ணை சவரம் செய்து, நல்ல ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெரிய டயர்களைக் கைத்தடியால் தொட்டுப் பார்த்தார். பிறகு தடியை என்னிடம் தந்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது கையால் மேலே பிடித்து, இடது கால் விரல்களில் எம்பினார். இருக்கையின் விளிம்பில் பட்டுச் சறுக்கி மறுபடி தரைக்கே வந்தார். இன்னொரு தடவை. அதற்கடுத்த தடவை அக்கா தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தார். பென்ஜமின் தூக்கிவிட ஓடிவந்தபோது அண்ணை கையால் வேண்டாம் என்று காட்டினார். நெற்றி முழுக்க வியர்வை.

"சரிவராது. வாங்கோ, போவம்" என்றார் அக்கா. வழக்கமான அதே குரல். "வேற பாப்பம்."

"அம்பிகை." அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டியில... பிழை இல்லை."

"பிழைதான். உயரம்."

"ஏறி... ஓடிப் பாரும்."

"உங்களை இதில விட்டிட்டோ?"

"நான்... நிக்கிறன்."

அக்கா ஏறவில்லை. "தனியப் போய் நான் என்ன செய்யிறது? ஆர் வெட்டுறது?"

அண்ணை யோசித்தார். "நீர் வெட்டும், அம்பிகை" என்றார். "மெல்ல மெல்ல வெட்டும்."

அக்காவின் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா சுற்றிப்போய் ஓட்டுநர் பக்கம் ஏறும் சத்தம் கேட்டது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, பக்கத்தில் திறந்தபடியே கிடந்த கதவைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை இடது கையால் வண்டியைப் பிடித்துப் பிடித்துப் போய், அந்தக் கதவைச் சாத்தினார். பூட்டு விழவில்லை. திறந்து ஓங்கிச் சாத்தினார். பிறகு, மினிபஸ்ஸில் 'போகலாம்' என்று கண்டக்டர் தட்டுவதைப் போல, உள்ளங்கையால் வண்டியின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி அசையவில்லை. அவர் இன்னும் பலமாகத் தட்டினார்.